இன்னொரு சிம் யார் கேட்டது?

11 ஜூன் 2023, ஞாயிறு, நள்ளிரவு தாண்டி

இரவு பத்தரைக்கு மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் கேம் நிகழ்ச்சி ஆரம்பம். நம் சிம்முக்கு, அதாவது கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டருக்கு, புதிதாக ஒரு விமானமோ ஒரு நாட்டு நிலப்பரப்போ அறிவிப்பார்கள், பார்த்துவிட்டுப் படுக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ட்ரெய்லர் பாதி ஓடும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். காட்டுத்தீ மேல் தண்ணீர் கொட்டுகிறார்கள், ஹெலிகாப்டரில் போய் ஆளை மீட்கிறார்கள், வயலுக்கு மருந்து அடிக்கிறார்கள். பரவாயில்லையே, பெரிய அப்டேட்டாக இருக்கிறதே என்று நிமிர்ந்தபோது திரையில் பெயர் வந்தது: மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024.

அப்டேட் இல்லை. தனி சிம்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சில நொடிகள் சத்தமே இல்லை. அப்புறம் மதுரைக்காரர் ஒரே வரி போட்டார்: "அப்ப நான் வாங்கி வெச்சதெல்லாம்?" சிம்மில் சேர்த்து ஓட்டத் தனிக் காசு கொடுத்து வாங்கும் விமானங்கள், நிலையங்கள், அதாவது ஆட்-ஆன்களைச் சொல்கிறார். அதற்குமேல் யாரும் தூங்கவில்லை. நாங்கள் இப்போது ஓட்டும் 2020 சிம் வந்தது ஆகஸ்ட் 18, 2020 அன்று. இன்னும் மூன்று வருஷம்கூட ஆகவில்லை. பத்து வருஷத்துக்கு இதையே வளர்ப்போம் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். இடுப்பில் கைக்குழந்தை இருக்கும்போதே அடுத்ததா என்கிற மாதிரிதான் எல்லாருக்கும் இருக்கிறது.

காலையில் வேலைக்குப் போக வேண்டும். போதும்.

12 ஜூன், திங்கள்

பகலெல்லாம் ஃபோன் அதிர்ந்துகொண்டே இருந்தது. மதிய சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் முழுவதையும் படித்தேன். கொண்டாடுகிறவர்கள் கொஞ்சம் பேர், அவர்களும் பெரும்பாலும் சின்னப் பையன்கள், எக்ஸ்பாக்ஸில் கேம் பாஸ் என்ற சந்தா வைத்திருப்பவர்கள். வெளியாகும் அன்றே கேம் பாஸில் கிடைக்கும் என்பதால் அவர்களுக்குச் செலவில்லை. கணினியில் ஓட்டுகிற நாங்கள்தான் புலம்புகிறோம். ஆட்-ஆனாக ஒரு நல்ல ஏர்லைனர் (பெரிய பயணிகள் விமானம்) 50 முதல் 75 டாலர், அதாவது பெரிய விமானம் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 6,000 ரூபாய். அதோடு விமான நிலையங்கள் தனி, வானிலைக்கு ஒன்று, தரைப்பணிக்கு ஒன்று. பலருக்கு சிம் விலையைவிட ஆட்-ஆன் விலை பல மடங்கு.

இந்தப் பயத்தை வெறும் கஞ்சத்தனம் என்று தள்ளிவிட முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், குழுவில் எல்லாரும் சார் என்றுதான் கூப்பிடுவோம், ஒரே போயிங்கை மைக்ரோசாஃப்ட்டின் பழைய சிம்மான எஃப்எஸ்எக்ஸுக்கு ஒரு தரம், பிரிபேர்3டி என்ற இன்னொரு சிம்முக்கு ஒரு தரம், இப்போதைய சிம்முக்கு ஒரு தரம் வாங்கியவர். "தம்பி, நெஜ விமானத்தையே ஒரு தரம்தான்யா வாங்குவாங்க" என்று இன்று குரல் பதிவு அனுப்பினார். சிரித்தோம், ஆனால் அவர் சிரிக்கவில்லை.

அவர் தலைமுறைக்கு வேறு காயங்களும் உண்டு. எஃப்எஸ்எக்ஸ் வந்தது 2006இல். 2009 ஜனவரியில் அதைச் செய்த ஏசஸ் ஸ்டூடியோவையே மூடிவிட்டார்கள். 2012 பிப்ரவரியில் 'ஃப்ளைட்' என்ற பெயரில் ஹவாய் தீவுகளை மட்டும் வைத்து ஒன்று விட்டார்கள். வெளியார் ஆட்-ஆன் செய்ய வழியில்லை, எல்லாம் அவர்கள் கடையிலேயே வாங்க வேண்டும். யாரும் சீண்டவில்லை, அதே ஜூலையில் கைவிட்டார்கள். பிறகு 2019 ஜூன் 9 அன்று, யாருமே எதிர்பார்க்காத நேரத்தில், இ3 கேம் கண்காட்சி மேடையில் புது சிம்மின் ட்ரெய்லர். அன்று இந்த சார்தான் அழுதுவிட்டேன் என்று எழுதியவர். அன்றைய அதிர்ச்சியில் சந்தோஷம் மட்டும் இருந்தது, ஏனென்றால் அப்போது எங்களிடம் இழக்க ஒன்றும் இல்லை.

எக்ஸ்-பிளேன் என்ற போட்டி சிம் ஓட்டும் நண்பர் ஒருவர், எங்களைச் சீண்டவே குழுவில் இருப்பவர். "நாங்க போன டிசம்பர்லதான் 12ஆவது பதிப்புக்குக் காசு குடுத்தோம், அமைதியா இருக்கோம்" என்றார். யாரும் பதில் போடவில்லை.

14 ஜூன், புதன்

பேச்சு போதும் என்று இன்று ஒரு சுற்று ஓட்டினேன். சென்னையிலிருந்து கோவை, ஃப்ளைபைவயர் குழுவின் ஏ320நியோ. இது காசில்லாத ஆட்-ஆன். நேரம் காலம் பார்க்காமல் எத்தனையோ பேர் சேர்ந்து சும்மா செய்து கொடுத்திருப்பது. மற்ற ஆட்-ஆன்கள் நாளை வேலை செய்யாமல் போனாலும் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

அந்த நேரத்து நிஜ வானிலையை சிம்முக்குள் கொண்டுவரும் லைவ் வெதர் போட்டிருந்தேன். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பிய்த்துக்கொண்டு வருகிறது. சுவிட்சர்லாந்தில் இருக்கும் மீட்டியோபுளூ என்ற வானிலை நிறுவனம் தருகிற தரவுதான், ஆனாலும் ஜன்னலுக்கு வெளியே தென்னை ஆடுவதும் திரைக்குள் விமானம் ஆடுவதும் ஒரே காற்றில் என்று நினைக்கும்போது ஒரு கிளர்ச்சி. இந்த மாதங்களில் கோவையில் 23ஆம் ஓடுபாதையில் இறங்குவதுதான் முறை, காற்று முகத்தில் வரும். கடைசி ஐந்நூறு அடியில் வேகம் ஏறி இறங்கி, மூக்கு ஒரு பக்கம் இழுக்க, ரட்டரை (வால் சுக்கானை) விடாமல் மிதித்துக்கொண்டே இறக்கினேன். தரை தட்டியது கொஞ்சம் பலமாகத்தான்.

சொல்ல வந்தது அதுவல்ல. சிம்மின் டெவலப்பர் மோடில், வினாடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று காட்டும் ஃப்ரேம் கணக்கைத் திறந்து வைத்திருந்தேன். சென்னையில் கிளம்பும்போதே சிவப்பு எழுத்து: 'லிமிடெட் பை மெயின்த்ரெட்', அதாவது பிராசஸரின் முக்கிய வேலைச் சரடுதான் தடை. எங்கள் குழுவில் இந்த வரியைப் பார்க்காதவர் யாரும் இல்லை. கிராஃபிக்ஸ் கார்டு பாதி வேலைகூட இல்லாமல் காத்துக்கொண்டிருக்கும், பிராசஸரில் ஒரே ஒரு கோர் மட்டும் மூச்சுமுட்டும். விமானத்தின் கணினிகள், போக்குவரத்து, நிலப்பரப்பு எல்லாம் அந்த ஒரு கயிற்றில்தான் தொங்குகின்றன. எவ்வளவு விலை கொடுத்துக் கார்டு வாங்கினாலும் பெரிய நிலையங்களில் படம் திக்கும். இந்த சிம்முக்குள் எஃப்எஸ்எக்ஸ் காலத்துப் பழைய நிரல் இன்னும் இருக்கிறது. அதை அப்டேட் மேல் அப்டேட் போட்டுச் சரிசெய்வதைவிட அடித்தளத்தை மாற்றுவதுதான் ஒரே வழி என்றால், தனி சிம் என்பது நியாயம்தான். குழுவில் இதைச் சொன்னேன். "நீங்க கம்பெனிக்காரர் மாதிரி பேசறீங்க" என்றார் மதுரைக்காரர்.

17 ஜூன், சனி

அதிகாரப்பூர்வ கேள்வி-பதில் வந்துவிட்டது. 2020 சிம்மில் ஓடும் ஆட்-ஆன்கள் கிட்டத்தட்ட எல்லாமே 2024இலும் ஓடும். 2020க்கு அப்டேட்டுகள் தொடரும். எஞ்சின் மேம்படுத்தப்பட்டது, அசோபோவுடையதுதான். 2020 சிம்மைச் செய்த, போர்தோவில் இருக்கும் அதே பிரெஞ்சு ஸ்டூடியோ.

குழு ஒரு மணி நேரத்தில் குளிர்ந்துவிட்டது. மனிதர்களை நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது: புது சிம்முக்கான காசை யாரும் பெரிதாகப் பேசவே இல்லை, கோபமெல்லாம் ஏற்கெனவே கொடுத்த காசுக்குத்தான். இதே விளக்கத்தை ட்ரெய்லரோடு சேர்த்து அன்றைக்கே கொடுத்திருந்தால் இந்த வாரம் முழுக்க நிம்மதியாகப் பறந்திருப்போம். பெயருக்குப் பின்னால் ஒரு வருஷத்தைப் போட்டதும் வினை. பந்து விளையாட்டு கேம்களைப் போல வருஷாவருஷம் ஒன்று வருமோ என்ற பயம் அதிலிருந்துதான் கிளம்பியது.

விடாத கேள்வி ஒன்று: ஓடாத அந்தக் கொஞ்சம் ஆட்-ஆன்கள் எவை? சார் தன்னுடைய ஆட்-ஆன் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

18 ஜூன், ஞாயிறு

ட்ரெய்லரை மறுபடி பார்த்தேன், இந்த முறை பணத்தை மறந்துவிட்டு. அந்தத் தீயணைப்புக் காட்சியிலேயே மாட்டிக்கொண்டேன். நிஜத்தில் சிஎல்-415 போன்ற விமானம் ஏரி மேல் உரசிக்கொண்டே 12 வினாடியில் சுமார் 6,000 லிட்டர் தண்ணீர் அள்ளும். அந்தப் 12 வினாடியில் ஆறு டன் எடை ஏறுகிறது, பைலட் அதற்குத் தக்கபடி த்ராட்டிலும் மூக்கும் பிடிக்க வேண்டும். பிறகு தீக்கு மேல் அத்தனையையும் கொட்டியதும் விமானம் மேலே எகிறும். இதை ஒழுங்காகச் செய்துகாட்டினார்கள் என்றால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

புரூஸ் ஆர்ட்விக் முதல் சிமுலேட்டரை வெளியிட்டது 1979இல், ஐபிஎம் கணினிக்கு மைக்ரோசாஃப்ட் பெயரில் வந்தது 1982இல். அன்றிலிருந்து இன்றுவரை நமக்கு விமானத்தைக் கொடுத்தார்கள், வானத்தைக் கொடுத்தார்கள், வேலை மட்டும் பெரிதாகக் கொடுக்கவில்லை. எங்கே போவது, எதற்காகப் போவது என்பதைப் பெரும்பாலும் நாமே கற்பனை செய்துகொள்ள வேண்டும். அதனால்தான் வாட்சிம் என்ற ஆன்லைன் வலையமைப்பில் போய் நிஜ மனிதர்கள் வான்போக்குவரத்துக் கண்ட்ரோலராக இருப்பதைத் தேடுகிறோம், மெய்நிகர் ஏர்லைன்களில் சேர்ந்து போலி அட்டவணைக்கு நிஜமாகவே பதறுகிறோம். அறிவித்திருக்கும் பணிகள் பட்டியலில் ஏர் ஆம்புலன்ஸ், சரக்கு, பாராசூட் வீரர்களை ஏற்றிப் போவது என்று எல்லாம் இருக்கிறது. எனக்கென்னவோ 2020இலேயே வந்திருக்க வேண்டியது இது.

வான்போக்குவரத்துக் கண்ட்ரோலர் குரலை மட்டும் யாராவது மாற்றுங்கள். விமானம் அதன் முழு பலத்தோடு ஏறிக்கொண்டிருக்கும்போது சீக்கிரம் ஏறு, சீக்கிரம் ஏறு என்று நச்சரிப்பதற்கு ஒரு முடிவு வேண்டும்.

24 ஜூன், சனி

ஹூஸ்டனில் ஃப்ளைட்சிம் எக்ஸ்போ நடக்கிறது, விமான அருங்காட்சியகம் ஒன்றில். அங்கே போக முடிந்தவர்கள் பாக்கியசாலிகள். எங்கள் குழுவில் அதைவிடச் சூடான விஷயம், ஒரு ஆட்-ஆன் கடையில் விமான நிலையங்களுக்கு இப்போது ஓடும் தள்ளுபடி. அடுத்த வருஷம் புது சிம் வரும்போது அந்த விமான நிலையங்கள் ஓடுமா ஓடாதா என்று காலையிலிருந்து விவாதம்.

நான் வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். மதுரைக்காரர், இரண்டு வாரம் முன்னால் என் காசெல்லாம் போச்சா என்று கேட்ட அதே மனிதர், மத்தியானத்துக்குள் மூன்று நிலையம் வாங்கிவிட்டார். சார் அவருக்குப் போட்ட பதில்: "லிஸ்ட்ல சேத்துக்கறேன் தம்பி."