நிதி முடியும் நாளும் பணியாளர் பட்டியலும்

கொரோனா பெருந்தொற்றுக்காக வந்த அவசர நிதியிலிருந்து எங்கள் உள்ளூர்ப் பொதுச் சுகாதாரத் துறை நான்கு செவிலியர்களையும் இரண்டு களப்பணியாளர்களையும் ஒரு தரவுப் பதிவாளரையும் தொகுப்பூதியத்தில் பணியமர்த்தியிருந்தது. அந்த நிதி எந்த நாளோடு முடியும் என்பது, நிதியை ஒதுக்கிய ஒப்பளிப்பு ஆணையிலேயே எழுதியிருந்தது. அந்த நாளுக்கு எட்டு மாதங்கள் இருந்தபோது துறையின் நிர்வாகப் பொறுப்பு என்னிடம் வந்தது. இந்த ஏழு பேரில் எவரை எந்தப் பணத்தில் தக்கவைத்துக்கொள்ள முடியும் என்று தேடிய அந்த மாதங்களைப் பற்றி, இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பணியிடப் பட்டியலிலிருந்து வேலையைத் தொடங்கியதுதான் நான் செய்த முதல் பிழை. காசநோய், தடுப்பூசி, தாய் சேய் நலம் என்று நிதி ஒவ்வொன்றும் தனித்தனித் தலைப்பில் வருகிறது. பட்டியலிலும் ஒவ்வொரு பெயரும் ஏதேனும் ஒரு தலைப்பின் கீழ்தான் இருக்கிறது. களத்தில் வேலை அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை. அவசர நிதியில் சம்பளம் பெற்ற ஒரு செவிலியருடன் ஒரு நாள் முழுவதும் சென்றேன். காலையில் அவர் தடுப்பூசிக் குளிர்பெட்டியின் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் குறித்தார். பிறகு ஒரு காசநோயாளியின் வீட்டுக்குப் போய், அவர் மாத்திரையை விழுங்கும் வரை உடனிருந்தார். பிற்பகலில் அடுத்த தவணை தடுப்பூசிக்கு வராத குழந்தைகளின் பெற்றோரை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தார். அன்று அவர் கொரோனாவுக்காகச் செய்த வேலை ஒரு மணி நேரம்கூட இராது.

அதன்பின் இரண்டு வாரங்களுக்கு, எல்லோரும் தாங்கள் செய்யும் வேலையை அரைமணி நேர வாரியாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று கணக்குப் பார்க்கத்தான் இந்தத் தாள் என்று பலர் அஞ்சியதால், முதல் மூன்று நாள்களின் பதிவுகள் எதற்கும் பயன்படவில்லை. எல்லோரையும் கூட்டி வைத்து நோக்கத்தைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்ன பிறகு தாள்கள் நேர்மையாக வந்தன. நான்கு செவிலியர்களும் தங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் துறையின் அன்றாடப் பணிகளில் செலவிடுகிறார்கள் என்பது அப்போதுதான் எழுத்தில் தெரிந்தது. ஆணையின் நிபந்தனைகள் அதற்கு இடமளிக்கின்றனவா என்பதைத் தணிக்கைப் பிரிவிடம் எழுத்துமூலம் உறுதிசெய்துகொண்டேன். இல்லாவிட்டால் தொகையைத் திருப்பிச் செலுத்த நேர்ந்திருக்கும்.

நிதியைத் தேடியபோது, எங்களிடமே இரண்டு நிரந்தரச் செவிலியர் பணியிடங்கள் ஓராண்டுக்கும் மேலாகக் காலியாக இருப்பதைக் கண்டேன். அந்தச் சம்பளத் தொகையை நிதிப் பிரிவு மிச்சமாகக் கருதி ஆண்டிறுதியில் திருப்பி ஒப்படைத்து வந்தது. காலிப் பணியிடத்தைச் சேமிப்பு என்று எழுதுவது எனக்கு இன்றும் ஏற்புடையதில்லை, ஏனெனில் அந்த வேலையை வேறொருவர் தன் வேலையோடு சேர்த்துச் சுமந்துகொண்டிருக்கிறார். இரண்டையும் நிரப்ப அனுமதி கேட்டுக் கருத்துரு அனுப்பினேன். அது விளக்கம் கேட்டு இருமுறை திரும்பி வந்தது.

கருத்துரு இரண்டாம் முறை திரும்பியிருந்த வாரத்தில் ஒரு குழந்தைக்குத் தட்டம்மை உறுதியானது. தோலில் சிவந்த தடிப்புகள் தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே அந்நோய் பிறருக்குத் தொற்றக்கூடியது. நோயாளி வெளியேறிய பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி அறைக் காற்றில் இருக்கும். எனவே அக்குழந்தை அமர்ந்திருந்த மருத்துவமனைக் காத்திருப்பு அறைக்கு அன்று வந்துபோன ஒவ்வொருவரையும் நாங்கள் தேட வேண்டியிருந்தது. தொடர்பு ஏற்பட்ட 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்புண்டு. எதிர்ப்பாற்றல் இல்லாதவர்களை 21 நாள்கள் கண்காணிக்க வேண்டும். பட்டியலில் யார் எந்தத் தலைப்பில் இருக்கிறார் என்று பார்க்காமல் எல்லாச் செவிலியர்களையும் அந்தப் பணியில் இறக்கினேன். நோய் அடுத்தவருக்குப் பரவவில்லை. அந்த 21 நாள்களின் நேரத் தாள்களையும் அழைப்புப் பதிவேட்டின் நகலையும் இணைத்து மூன்றாம் முறை கருத்துருவை அனுப்பினேன். நிதிக் குழுவில் நான் அதிகம் பேசத் தேவைப்படவில்லை. உறுப்பினர் ஒருவர் பதிவேட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் படித்துவிட்டு, இந்த நால்வரும் இல்லாதிருந்தால் யார் அழைத்திருப்பார்கள் என்று மட்டும் கேட்டார். அனுமதி கிடைத்தது.

முறையான தேர்வின் வழியாக இரண்டு செவிலியர்கள் நிரந்தரப் பணியிடங்களில் சேர்ந்தார்கள். நேரத் தாள் காட்டிய அளவை வைத்து மூன்றாமவரின் சம்பளத்தைக் காசநோய் நிதிக்கும் தடுப்பூசி நிதிக்கும் பிரித்தோம். களப்பணியாளர் ஒருவரைத் தக்கவைக்க முடிந்தது. மற்றவரையும் தரவுப் பதிவாளரையும் இழந்தோம். நான்காவது செவிலியரை இழந்ததற்கு நிதி காரணமில்லை, நான்தான் காரணம். "அடுத்த மாசச் சம்பளம் எந்தத் தலைப்புல வரும், மேடம்?" என்று அவர் கேட்டபோது, அனுமதி வரும் வரை எதுவும் சொல்லக் கூடாது என்று எண்ணி, பார்ப்போம் என்று மட்டும் பதில் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து அவர் வேறு வேலை தேடிக்கொண்டார். கருத்துரு எந்த மேசையில் இருக்கிறது என்பதையாவது நான் அவரிடம் சொல்லியிருக்கலாம்.

இப்போது ஒப்பந்தத்தில் இருக்கும் ஒவ்வொருவரின் நிதியும் என்றைக்கு முடிகிறது என்பதை நாள் வரிசைப்படி ஒரே தாளில் வைத்திருக்கிறேன்; அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பே அவரை அழைத்து, தெரிந்ததையும் தெரியாததையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் செவிலியர் போகும்போது ஒரு கோடு போட்ட நோட்டை என்னிடம் கொடுத்தார். எந்த நோயாளி இரவுப் பணி முடிந்து வந்த பிறகே மாத்திரை சாப்பிடுவார், எந்த வீட்டில் பாட்டியிடம் பேசினால்தான் குழந்தையைத் தடுப்பூசிக்கு அழைத்து வருவார்கள் என்பதையெல்லாம் அதில் வீடு வாரியாக எழுதியிருந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் அதை இன்றும் பையில் வைத்துக்கொண்டுதான் களத்துக்குப் போகிறார்.