தேருக்கு நடந்த வழி

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தன் தேருக்கு முதல் நாள் இரவு மாமி என் செருப்பை எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டார். "நாளைக்கு இது வேண்டாம், பிள்ளை. நடப்பதென்றால் மண்ணை மிதித்து நடக்க வேண்டும்" என்றார். இணுவிலில் எங்கள் வீட்டிலிருந்து நல்லூருக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்திலும் மிதிக்க மண் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. 76 வயதில் அவர் நேர்ந்துகொண்ட நடை அது. நான் துணைக்குப் போகிறவள்.

விடிய மூன்று மணிக்குக் கிணற்றடியில் முழுகிவிட்டுப் புறப்பட்டோம். மாமியின் கையில் ஒரு தேங்காயும் கற்பூரப் பெட்டியும் சிறிய தண்ணீர்ப் போத்தலும் இருந்தன. முதலில் மடத்துவாசல் பரராசசேகரப் பிள்ளையார். யாழ்ப்பாணத்து அரசர்கள் மாறி மாறிச் சூடிக்கொண்ட பட்டப்பெயரை இன்றைக்கும் தாங்கி நிற்கிற கோவில். கதவு இன்னும் திறக்கவில்லை. மூடிய வாசலுக்கு முன்னால் நின்று குட்டிக் கும்பிட்டோம். இணுவிலார் எங்கே புறப்பட்டாலும் இவரிடம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். என் அம்மம்மாவும் அப்படித்தான் செய்தார்.

அம்மம்மாவும் தேருக்கு நடந்தவர்தான். அவர் நடந்த வழியை நான் கதையாகக் கேட்டிருக்கிறேன். இணுவில் தொடங்கிக் கோண்டாவில், கொக்குவில் வரைக்கும் இடைவிடாத செம்மண் தோட்டம். புகையிலை, வெங்காயம், மரவள்ளி, வாழை, வரம்போரத்தில் பயிற்றங்கொடி. ஆறு என்று ஒன்று இல்லாத குடாநாட்டில் அத்தனை பயிருக்கும் கிணறுதான் கதி. இரண்டு பேர் துலா மிதிக்க, ஒருவர் பட்டையைப் பிடித்து இறைக்க, இன்னொருவர் வாய்க்காலில் தண்ணீர் கட்டுவார். தேருக்குப் போகிறவர்கள் இருட்டில் வரம்பால் நடக்கும்போது, துலாவில் நிற்கிறவர் மேலே இருந்தபடியே "எங்களுக்காகவும் கும்பிட்டு வாருங்கள்" என்று குரல் கொடுப்பாராம். போகிறவர்கள் ஊர் தாண்டும் வரைக்கும் செம்மண் ஈரம் காலில் ஒட்டியிருக்கும் என்று அம்மம்மா சொல்வார்.

இன்றைக்குக் காங்கேசன்துறை வீதியின் இரண்டு பக்கமும் கடை, மதில், மாடி வீடு. ஒழுங்கைக்குள் எட்டிப் பார்த்தாலும் மதில். கிடுகு வேலியும் கிளுவைக் கதியாலும் போய்விட்டன. பூவரசு நிற்கும் வேலியைக் கண்டால் நின்று பார்க்கத் தோன்றுகிறது. இடையிடையே ஒரு துண்டுத் தோட்டம் தப்பி நிற்கிறது. இருட்டிலும் வெங்காயத் தாளின் வாசம் வந்துதான் அது தோட்டம் என்று தெரிந்தது. அங்கே மட்டும் மாமி தாரிலிருந்து இறங்கி வீதியோரத்து மண்ணில் நடந்தார். நானும் இறங்கினேன்.

இந்த ஊர்கள் எப்படி இப்படிப் பெருத்தன என்பதற்கு என் கலியாணமே சாட்சி. நான் இணுவிலில், 1898இல் அமெரிக்க மிஷனார் தொடங்கிய மக்லியொட் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். மாமி மாவிட்டபுரம். 1990இல் போரில் வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி இடம்பெயர்ந்தபோது, நான்கு பிள்ளைகளையும் ஒரு தையல் இயந்திரத்தையும் கொண்டு எங்கள் ஒழுங்கைக்கு வந்து, ஒரு அறையை வாடகைக்கு எடுத்தார். இரண்டு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று அப்போது சொன்னாராம். தெல்லிப்பழை, மயிலிட்டி, பலாலி என்று வந்தவர்கள் ஒரு பக்கம், தீவுப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் இன்னொரு பக்கம். வந்தவர்களுக்குக் காணி வேண்டும், கூரை வேண்டும். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். 16 பரப்பு சேர்ந்தால் ஒரு ஏக்கர். தாத்தா ஒரு ஏக்கரில் புகையிலை வைத்த இடத்தில் இப்போது எட்டு வீடுகள் நிற்கின்றன. 2009இல் போர் முடிந்த பிறகு வெளிநாட்டுப் பணமும் வந்து சேர்ந்தது. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வந்தவர்கள் ஆசைப்பட்டு வரவில்லை. அவர்களில் ஒருவரின் மகனைத்தான் நான் கைபிடித்தேன்.

கோண்டாவிலைக் கடக்கும்போது மாமி போத்தலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, "இந்த ஊர்த் தண்ணீர் இனிப்பு" என்றார். உண்மைதான். யாழ்ப்பாண நகரத்துக் குழாய்களுக்குத் தண்ணீர் கொடுத்தவை கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கத்துக் கிணறுகள். மழை விழுந்தால் சுண்ணாம்புக்கல் உறிஞ்சி வைத்திருந்து கிணற்றில் தரும். ஆனால் அந்தக் கல் எதையும் வடிகட்டாது. ஒன்றரைப் பரப்புக் காணியில் வீடும் கிணறும் மலக்குழியும் நெருங்கி நிற்கும்போது, மேலே விடுவதெல்லாம் கீழே போய்ச் சேர்கிறது. தோட்டக் காலத்து உரமும் அப்படியே இறங்கியிருக்கிறது. கோவில் கிணற்றில் கை வைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பயம் வரும். சுவாமிக்கு முழுக்காட்டும் தண்ணீரும் இதே கல்லுக்குள் இருந்துதானே வருகிறது?

கொக்குவிலுக்கு வரும்போது வழி நிறைய ஆட்கள். காவடி எடுக்கப் போகிற பொடியன்கள், பால் செம்பு ஏந்திய பெண்கள், தோளில் பிள்ளையைத் தூக்கிய தகப்பன்மார். ஒரு காலத்தில் சுருட்டுக்குப் பெயர்போன ஊர் இது. சுருட்டுக் கொட்டிலில் ஆட்கள் வரிசையாக இருந்து சுற்ற, ஒருவர் நடுவில் இருந்து பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அப்படித்தான் உலக நடப்புத் தெரிந்தது. மஞ்சவனப்பதி முருகன் இருக்கும் திசையைப் பார்த்து மாமி நடந்தபடியே கை கூப்பினார்.

அங்கே ஒரு தண்ணீர்ப் பந்தலில் மல்லிக் கோப்பி கொடுத்தார்கள். ஊற்றித் தந்த பொடியனுக்கு இருபது வயது இருக்கும். "எங்கிருந்து நடக்கிறீர்கள், அம்மா?" என்று மாமியைக் கேட்டான்.

"இணுவில்" என்றார் மாமி. கோப்பையை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தி, "மாவிட்டபுரம்" என்றார்.

"எங்களுக்குப் புங்குடுதீவு, அம்மா. நான் பிறந்தது இங்கேதான்."

"போயிருக்கிறாயா, தம்பி?"

"கோவில் திருவிழாவுக்கு மட்டும் போவோம்."

மாமி அவன் தலையில் கை வைத்து ஏதோ முணுமுணுத்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். 35 வருடமாக இணுவிலில் இருக்கிறவர் அவர். ஊர் எது என்று கேட்டால் இன்னும் இரண்டு பெயர் வருகிறது. அந்தப் பந்தலில் நின்ற பத்துப் பேரையும் கேட்டிருந்தால் இருபது ஊர்கள் வந்திருக்கும்.

தண்டவாளத்தைக் கடந்தோம். 1990இல் ரயில் நின்ற பிறகு இங்கே இருந்த பழைய தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பதுங்குகுழிக்குப் போயின. ரயில் பாதைக் காணியில் குடிசைகள் வந்தன. 2014இல் யாழ்ப்பாணம் வரைக்கும், அடுத்த வருடம் காங்கேசன்துறை வரைக்கும் ரயில் மறுபடி வந்தது. இருட்டில் வெறுங்காலில் தண்டவாளம் பனிக்கட்டியாகக் குளிர்ந்தது.

ஆடியபாதம் வீதியால் திருநெல்வேலிக்கு வந்தோம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில் 1974இல் பல்கலைக்கழக வளாகம் வந்தது. அன்றிலிருந்து இந்தப் பக்கத்தில் தோட்டத்துக்கு இடமில்லாமல் போயிற்று. வீட்டுக்கு வீடு மாணவர் விடுதி. ஆனாலும் வளாகத்துக்குள் பரமேஸ்வரன் கோவில் நிற்கிறது. பரீட்சைக் காலத்தில் அதன் படிகளில் இடம் கிடைக்காது.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கொக்குவிலும் கோண்டாவிலும் திருநெல்வேலியும் இவ்வளவு நெருக்கமான பிறகும் நல்லூர்ப் பிரதேச சபைக்குள் இருக்கின்றன. நல்லூர்க் கோவிலோ யாழ்ப்பாண மாநகர சபைக்குள் இருக்கிறது. சபைக்குப் பெயர் கொடுத்த கோவில் சபைக்கு வெளியே. யாழ்ப்பாண அரசு இருந்த காலத்தில் நல்லூர்தான் நகரம். நான்கு திசையிலும் காவல் கோவில்கள்: வடக்கே சட்டநாதர், கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், மேற்கே வீரமாகாளி அம்மன், தெற்கே கைலாயநாதர். 1621இல் போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேரா கந்தசுவாமி கோவிலை இடித்தான். தலைநகரம் கோட்டைப் பக்கம் போனது. நகரமாக இருந்து ஊராகி மறுபடி நகரத்தோடு சேர்ந்த மண் இது. அரசன் போனான், கோட்டை கட்டியவனும் போனான், வேல் மட்டும் இருக்கிறது. நல்லூர் மூலஸ்தானத்தில் இருப்பதும் வேல்தான்.

கோவிலுக்குக் கிட்ட வரும்போது காலுக்குத்தான் முதலில் தெரிந்தது. தார் முடிந்து மணல் தொடங்கியது. திருவிழாக் காலத்தில் வாகனங்களை மறித்து, கோவிலைச் சுற்றியுள்ள வீதியில் மணல் பரப்பிவிடுவார்கள். விடியாத நேரத்து வெண்மணல், ஈரம் பிடித்துக் குளிர்ந்து கிடந்தது. மாமி நின்றார். கால் விரல்களை மணலுக்குள் புதைத்துக்கொண்டு, கண்ணை மூடி, "முருகா" என்றார். கோபுரத்தை அவர் அதற்குப் பிறகுதான் பார்த்தார்.

ஆறு மணிக்கு முன்னமே வீதி நிறைந்துவிட்டது. நல்லூரில் மணி தப்பாது. சொன்ன நேரத்துக்கு வசந்த மண்டபத்தில் பூசை நடக்கும், சொன்ன நேரத்துக்குச் சண்முகர் வள்ளி தெய்வயானையோடு வெளியே வருவார். மேளம் உச்சத்தில் நிற்க, சனம் "அரோகரா" என்று எழுப்பிய குரலில் நெஞ்சு அதிர்ந்தது. அவர் தேரில் ஏறியதும் நூற்றுக்கணக்கான தேங்காய்கள் சிதறின. எங்கள் தேங்காயை மாமி தானே ஓங்கி அடித்தார். சில் ஒன்று என் காலில் வந்து பட்டது. வடம் இறுகியது. தேர் ஒரு கணம் தயங்கி, பிறகு அசைந்தது. அந்த அசைவைப் பார்த்தபோது மாமி அழுதார். மாவிட்டபுரத்து மாவைக் கந்தன் இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்த காலத்தில், தன் ஊர்த் தேரைக் காண வழியில்லாமல், அவனை மனதில் வைத்துக்கொண்டு இந்தத் தேருக்கு நடந்து வந்தவர் அவர். பிறகு காணி விடுபட்டது. போய்ப் பார்த்தபோது வீடு இல்லை. கிணறு மட்டும் பற்றைக்குள் இருந்தது. ஆடி அமாவாசைக்கு மாவிட்டபுரமும் கீரிமலையும், ஆவணித் தேருக்கு நல்லூர் என்று இரண்டு இடத்துக்கும் இப்போது அவருக்குக் கடன் உண்டு.

தேருக்குப் பின்னால் ஆண்கள் அங்கப் பிரதட்சணம் செய்து உருண்டார்கள். பெண்கள் அடி அழித்தார்கள். சில அடி வைத்து, முழந்தாளிட்டு விழுந்து, நெற்றி மண்ணில் பட வணங்கி, எழுந்து மறுபடி அடி வைப்பது. மாமிக்கு முழங்கால் விடவில்லை. "எனக்காக நீ செய், பிள்ளை" என்றார். செய்தேன். முதல் வணக்கத்தில் மணல் குளிர்ந்தது. தெற்கு வீதியில் இளஞ்சூடு. மேற்கே வந்தபோது மூக்கிலும் உதட்டிலும் மணல். கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் ஒவ்வொரு மணியும் தெரிந்தது: சிப்பித் துண்டு, கற்பூரச் சாம்பல், ஒரு செவ்வரத்தம் இதழ், எனக்கு முன்னால் விழுந்தவளின் நெற்றி பதிந்த சிறு குழி. என் நெற்றியும் அந்தக் குழியில்தான் பதிந்தது. அவள் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது.

அதனால்தான் இதைக் கையெடுத்துக் கேட்கிறேன். எங்கள் பக்கத்துக் கோவில்கள் சிலவற்றில் உள்வீதிக்கும் வெளிவீதிக்கும் கல் பதிக்கிறார்கள். நல்ல மனதோடு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் செய்கிறார்கள். மழைக்குச் சேறு இல்லை, பார்க்கவும் அழகு. ஆனால் தோட்டம் போனது, வரம்பு போனது, ஒழுங்கை தாராகிவிட்டது. இந்த ஊர்களில் ஒரு குழந்தை விழுந்து எழும்ப மிஞ்சியிருக்கிற மண் கோவில் வீதி ஒன்றுதான். பங்குனி வெயிலில் அந்தக் கல்லில் உருளுகிறவரின் முதுகைப் பார்த்திருக்கிறீர்களா? மழைத் தண்ணீரும் நிலத்துக்குள் இறங்க இடம் வேண்டும். பணம் அனுப்புகிறவர்கள் கேணியைத் தூர்வாரக் கொடுங்கள். வீதியை மணலாகவே விடுங்கள்.

தேர் இருப்பிடத்துக்கு வந்த பிறகு, சண்முகர் பச்சை சாத்தி இறங்கும் வரைக்கும் மாமி அசையவில்லை. பச்சை உடுப்பிலும் பச்சை மாலையிலும் அவர் ஆடி ஆடி வந்தபோது, "தோட்டத்துக்குள்ளால் வருகிற மாதிரி இருக்கிறது" என்றார்.

திரும்பும்போது நடக்கவில்லை. ஆட்டோவில் வந்தோம். வீட்டில் கிணற்றடிக்குப் போனோம். எங்கள் ஒன்றரைப் பரப்பில் மிஞ்சி நிற்பது ஒரு வாழை. மாமி அதன் அடியில் நின்று காலை நீட்டினார். நான் வாளியால் மெதுவாக ஊற்றினேன். விரலிடுக்கில் இருந்த வெண்மணல் கழன்று செம்மண்ணில் சின்ன வட்டமாகப் படிந்தது.

"போதும்" என்றார். "நாளைக்குத் தீர்த்தம். நேரத்தோடு எழுப்பிவிடு, பிள்ளை."