பெல் கர்வ் பிரித்துவைத்த அணி

வேலையை மதிப்பிடும் அப்ரைசல் மாதம் நெருங்கினால் மென்பொருள் அணிகளில் பேச்சு குறைந்துவிடுகிறது. கோட் ரிவ்யூவுக்கு, அதாவது சக ஊழியர் படித்துச் சரிபார்ப்பதற்கு, அனுப்பிய நிரல் நாள்கணக்கில் கிடப்பில் கிடக்கும். ஆட்களின் குணம் சரியில்லை என்றுதான் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

சென்னையில் நான் வேலை பார்த்த ஓர் அணியில் பெல் கர்வ் முறைப்படி, அதாவது சிலர் மேலே, பலர் நடுவில், சிலர் கீழே என்று மணி வடிவ வளைவில் ஆட்களைப் பிரித்து, மதிப்பீடு நடந்தது. எல்லோரும் நன்றாக உழைத்திருந்தாலும் யாராவது ஒருவரைக் கடைசி இடத்தில் எழுதியாக வேண்டும். அங்கிருந்த மூத்த பொறியாளர், மென்பொருளின் புதிய பதிப்பை வெளியிட உதவும் நிரலான டெப்ளாய்மென்ட் ஸ்கிரிப்டைத் தன் மடிக்கணினியிலேயே வைத்திருந்தார். பொதுவில் ஏற்றச் சொன்னால், "இன்னும் கொஞ்சம் சரிசெய்ய வேண்டியிருக்கிறது" என்பார். அவர் விடுப்பில் போனபோது ரிலீஸ் நின்றது. திரும்பி வந்து அரை மணி நேரத்தில் முடித்தார். பாராட்டு மின்னஞ்சல் அவருக்கே வந்தது. புதியவர்கள் எழுதியதை வரிவரியாகப் படித்துத் திருத்திக்கொடுத்த பெண்ணின் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை.

அந்த மூத்த பொறியாளரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக் கடன் கட்டுகிறவர், தனக்குத் தெரிந்தது அடுத்தவருக்கும் தெரிந்துவிட்டால் தன் இடம் போய்விடும் என்று அஞ்சினார். அந்த அச்சத்தை உண்டாக்கியது விதி. ஆயிரக்கணக்கானோரை அளக்கும்போது தெரிகிற ஒரு வளைவில், நேர்காணலில் வடிகட்டி எடுத்த எட்டுப் பேரைத் திணிப்பது கணக்கின்படியே தவறு. மைக்ரோசாஃப்ட் இத்தகைய கட்டாயத் தரவரிசையை 2013 நவம்பரில் கைவிட்டது. கூட்டு உழைப்புக்கு முதலிடம் தரவே இந்த மாற்றம் என்று ஊழியர்களுக்குத் தெரிவித்தது.

பிறகு எங்களுக்கு வந்த மேலாளர் இரண்டு காரியங்கள் செய்தார். ஒவ்வொரு ரிலீஸையும் வேறொருவர் செய்ய வேண்டும் என்றார். ஸ்கிரிப்ட் தானாகவே பொதுவுக்கு வந்தது. அதற்கான குறிப்புகளை அந்த மூத்தவரே எழுதிக்கொடுத்தார். மதிப்பெண்களைப் பேசி முடிக்கும் கூட்டத்துக்கு அந்தப் பெண்ணின் ரிவ்யூ பதிவுகளை எடுத்துப்போய்த் திரையில் காட்டினார். பணம் இருமுறை கழிக்கப்படக்கூடிய ஒரு பிழையை அந்தப் பெண் முன்கூட்டியே பிடித்திருந்தது அன்றுதான் மேலிடத்துக்குத் தெரிந்தது. மேலாளரின் வேலை இதுதான் என்று நான் நம்புகிறேன்: கண்ணில் படாத உழைப்பைச் சான்றோடு மேலே கொண்டுபோவது.

கர்வை அவராலும் ஒழிக்க முடியவில்லை. அந்த ஆண்டும் ஒருவரைக் கடைசியில் எழுத நேர்ந்தது. கடிதம் வருவதற்கு முன்பே அவரை அழைத்து, "உங்கள் வேலையில் குறையில்லை, ஒருவரை எழுதியாக வேண்டும் என்பது விதி" என்று நேரில் சொன்னார், மேலிடத்துக்கும் அதையே எழுத்தில் அனுப்பினார்.