வேலுக்குப் பின்னால் ஓடிய கொம்பு

இங்கே மொரீஷியஸில் ரூபாய் நோட்டில்கூடத் தமிழ் ஒழுங்காக அச்சாகிறது. ஆனால் என் அத்தை மகன் யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் (கேம் செய்யும் மென்பொருளில்) செய்யும் தைப்பூசக் காவடி விளையாட்டில் 'வேல்' என்று போட்டால், இரட்டைக் கொம்பு 'வ'வைத் தாண்டிப் பின்னால் போய் நிற்கிறது!

தமிழில் கேம் செய்கிற பலரும் இதில் மாட்டுவார்கள். முதலில் திரையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். வெறும் கட்டங்கள் வந்தால் அந்த எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவைச் சேர்த்தால் போதும். எழுத்து வந்து, கொம்பு மட்டும் இடம் மாறினால் எழுத்துரு மேல் தப்பில்லை, எத்தனை மாற்றினாலும் சரியாகாது. கணினி 'வ'வை முதலில், கொம்பை அடுத்து சேமிக்கிறது. வரையும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது எஞ்சினின் வேலை. யூனிட்டியில் எழுத்தை வரையும் டெக்ஸ்ட்மெஷ் புரோ அதைத் தானாகச் செய்வதில்லை. 2023இல் வந்த கோடோ 4 என்ற இன்னொரு எஞ்சின், எழுத்துகளைச் சரியான இடத்தில் அமைக்கும் ஹார்ஃப்பஸ் நிரலின் உதவியோடு செய்துவிடுகிறது. தமிழ் வசனம் நிறைய இருந்தால் என் ஓட்டு கோடோவுக்குத்தான்.

அப்புறம், கோடோவில் இன்னொரு தொல்லை. விண்டோஸில் ஓடும் கேம் ஆண்ட்ராய்டு போனில் படம் கிடைக்கவில்லை என்கிறதா? கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பாருங்கள். விண்டோஸ் கண்டுகொள்ளாது, ஏற்றுமதி செய்த கேம் விடாது. எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் வையுங்கள்.

காவடி ஒரு கணினியில் நடந்து, இன்னொன்றில் பறக்கிறது என்றால் வேகத்தை டெல்டாவால், அதாவது திரையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே ஆகும் நேரத்தால், பெருக்கவில்லை. அத்தை மகனுக்கு அடுத்த வேலை அதுதான்.