வேர் அமெரிக்காவினுடையது

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கு ஒட்டுக் கட்டுவதைப் பார்க்காதவர்கள் குறைவு. இளங்கன்றின் தலையை வெட்டி, தண்டை நடுவே பிளந்து, நல்ல காய்ப்புள்ள மரத்தின் குச்சியை ஆப்புப் போலச் சீவிச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றுவார் எங்கள் சித்தப்பா. நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வது என் வேலை. அமெரிக்க ஒயினின் வரலாற்றைப் படித்தபோது அந்த நாடாதான் நினைவுக்கு வந்தது.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காட்டுத் திராட்சைக்குப் பஞ்சமில்லை. அதன் வாடை பிடிக்காத குடியேறிகள் ஐரோப்பியக் கொடிகளை வரவழைத்து நட்டார்கள், அவை பட்டுப்போயின. வர்ஜீனியாவில் தாமஸ் ஜெபர்சன் பல ஆண்டுகள் முயன்றும் பலனில்லை. குளிரும் பூஞ்சையும் போதாதென்று, பிலாக்ஸெரா என்னும் நுண்ணிய பூச்சி மண்ணுக்குள் இருந்து வேரை உறிஞ்சியது. நாட்டுக் கொடிகள் அதனோடு வாழப் பழகியவை. ஐரோப்பிய வேர் வீங்கி அழுகிவிடும். ஒஹையோவில் நிக்கோலஸ் லாங்வொர்த் 1840களில் கட்டாபா என்ற அமெரிக்கத் திராட்சையில் நுரைக்கும் ஒயின் எடுத்துப் பெயர் வாங்கியது இந்தப் பின்னணியில்தான்.

அந்தப் பூச்சி 1860களில் அமெரிக்கக் கொடிகளோடு கப்பலேறிப் பிரான்சுக்குப் போய், புதுச்சேரியை ஆண்டுகொண்டிருந்த அதே நாட்டின் திராட்சைத் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. மருந்துகள் தோற்ற பிறகு கண்ட வழி, நம் ஊர் முந்திரி வழியேதான்: அமெரிக்க வேரின்மேல் பிரெஞ்சுக் கிளை. பிரான்சின் கோன்யாக் வட்டாரத்துச் சுண்ணாம்பு மண்ணில் பல அமெரிக்க வேர்கள் தழைக்கவில்லை. அதற்கேற்ற கொடிகளை டெக்சாஸின் சுண்ணாம்புக் குன்றுகளில் அடையாளம் காட்டிய அமெரிக்கத் திராட்சை ஆய்வாளர் டி. வி. மன்சனுக்குப் பிரெஞ்சு அரசு 1888இல் விருது வழங்கியது. நோயைத் தந்த நாடே மருந்தையும் தந்தது என்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் எந்த முகத்தோடு ஏற்றார்களோ!

கலிபோர்னியாவின் கதை வேறு. ஸ்பானியத் துறவிகள் பூசைக்காகக் கொண்டுவந்த 'மிஷன்' திராட்சையில் தொடங்கி, 1857இல் சோனோமாவில் அகோஸ்டன் ஹராஸ்தியும் 1861இல் நாபாவில் சார்லஸ் க்ரூகும் நிறுவிய ஆலைகளால் அது வளர்ந்தது. 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் இருந்த மதுவிலக்கில் பெரும்பாலான ஆலைகள் மூடப்பட, தேவாலயப் பூசைக்கான ஒயினைச் செய்து சில மட்டும் பிழைத்தன. பிறகு 1976இல், பாரிசில் பிரெஞ்சு, கலிபோர்னிய ஒயின்களைப் பெயரை மறைத்துச் சுவைத்த பிரெஞ்சு நடுவர்கள், வெள்ளை, சிவப்பு இரண்டிலும் நாபாவின் ஒயின்களுக்கே முதலிடம் தந்தார்கள்.

இன்றும் அமெரிக்க ஒயினில் பெரும்பங்கு கலிபோர்னியாவினுடையதே. ஒரேகானின் வில்லமெட் பள்ளத்தாக்கில் பினோ நுவார் என்ற திராட்சை வகையும், நியூயார்க்கின் பிங்கர் ஏரிக்கரைகளில் ரீஸ்லிங் என்ற வகையும் பேர்போனவை. மலைமறைவில் மழை குன்றிய, வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் பாசன நீரை நம்பி வளரும் கொடிகளில் பெரும்பாலானவை ஒட்டின்றிச் சொந்த வேரில் நிற்பவை. அந்த மணற்பாங்கான மண் பூச்சிக்கு ஒவ்வாது.

நாபாவுக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. அங்கு பரவலாக நட்டிருந்த ஏ.எக்ஸ்.ஆர்.1 என்ற வேர்க்கொடி பாதி அமெரிக்க இனம், பாதி ஐரோப்பிய இனம். விளைச்சல் அமோகம் என்று அதை நம்பினார்கள். 1980களில் பூச்சி அந்த ஐரோப்பியப் பாதியின் பலவீனத்தைக் கண்டுகொண்டது. பல ஆயிரம் ஏக்கர் கொடிகளைப் பிடுங்கி, வேறு வேரில் ஒட்டிய கன்றுகளை மறுபடி நட்டார்கள்.