மவுண்ட் ஆகாத பேக்கப்

ராணிப்பேட்டையில் ஷூ அப்பர் தைக்கும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா, கைரேகை மெஷின் எல்லாம் என் தலையில்தான். சர்வர் என்று சொல்லிக்கொள்வது மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒரு டவர். உபுண்டு, ஃபைல் பகிர சாம்பா, ரெய்டு 1-இல் (ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் இருக்கும்) இரண்டு 2 டிபி டிஸ்க். டேலி கணக்கு டேட்டா முழுக்க அதில்தான்.

மே 9, கத்திரி வெயில். பத்தரைக்குக் கரண்ட் போனது. அரை மணி நேரம் தாங்க வேண்டிய யுபிஎஸ் ஐந்து நிமிஷத்தில் கத்தி அணைந்தது. லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுளை 25 டிகிரிக்குத்தான் கணக்குப் போடுவார்கள். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறக்குறைய பாதியாகிவிடும். எங்கள் படிக்கட்டு அறையில் அது மூன்று கோடையைப் பார்த்துவிட்டது.

கரண்ட் வந்தபின் சர்வர் எழவில்லை. லைவ் பென்டிரைவில் ஏற்றி, ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் பார்த்தேன். இரண்டு 'யு' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு 'யு', பக்கத்தில் ஒரு அடிக்கோடு. ஒரு டிஸ்க் ஏப்ரல் தொடக்கத்திலேயே செத்திருக்கிறது. மிச்சமிருந்ததும் சத்தம் போட்டது. டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 197-ஆம் வரி, படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்கள், நூறைத் தாண்டியிருந்தது.

சரி, பேக்கப் இருக்கிறதே என்று வெளி டிஸ்க்கைத் திறந்தால் கடைசித் தேதி மார்ச் 27. வருஷக் கடைசி என்ட்ரி ஒன்றுகூட அதில் இல்லை. ஆனால் பேக்கப் காப்பி எடுக்கும் ஆர்சிங்க்கின் லாகில் தினமும் வெற்றி!

நடந்தது இதுதான். யாரோ மேசை துடைக்கையில் யுஎஸ்பி கேபிள் கழன்று, திரும்பச் செருகியிருக்கிறார்கள். டிஸ்க்கின் பெயர் எஸ்டிசி-யிலிருந்து எஸ்டிடி ஆகிவிட்டது. எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் நான் எழுதியிருந்தது பழைய பெயர். அதனால் டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, அதாவது தன் ஃபோல்டரோடு இணையவில்லை. ஆர்சிங்க்குக்கு அதைப் பற்றி என்ன கவலை? டிஸ்க் இணைய வேண்டிய அந்த வெறும் ஃபோல்டருக்குள், அதாவது சர்வர் டிஸ்க்கிலேயே, தினமும் காப்பி போட்டிருக்கிறது. வெளி டிஸ்க்கில் விளக்கு மட்டும் அழகாக எரிந்துகொண்டிருந்தது.

விற்பனைக் கணக்கைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்குக் கடைசி நாள் 11. கணக்குப் பிரிவு அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வேலூர் போய் 4 டிபி டிஸ்க் ஒன்று வாங்கி வந்து, பெடஸ்டல் ஃபேனை டவருக்கு நேராக வைத்து, சாயங்காலம் ஏழுக்கு, கெட்டுப்போகும் டிஸ்க்கிலிருந்து புதியதற்குக் காப்பி எடுக்கும் டிடிரெஸ்க்யூவைத் தொடங்கினேன். இதில் மூல டிஸ்க்கும் புது டிஸ்க்கும் இடம் மாறினால் கதை முடிந்தது. அதனால் செக்யூரிட்டி தாத்தாவை டார்ச் அடித்து ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண்ணைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, திரையோடு ஒப்பிட்டேன். "என்னப்பா, லாட்டரியா?" என்றார்.

முதல் சுற்று, கெட்ட இடங்களைத் தாண்டி நல்லதை மட்டும் அள்ளுவது. நள்ளிரவு தாண்டி அது முடிந்தது. எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் இருப்பதால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிறகு மூன்று மறுமுயற்சியோடு கெட்ட இடங்களைச் சுரண்டவிட்டேன். விடிய ஆறு மணிக்குச் சில கேபி மட்டுமே பாக்கி. ஃபைல் அமைப்பைச் சரிபார்த்துத் திருத்தும் எஃப்எஸ்செக்கைக் காப்பியில்தான் ஓட்டினேன். மூல டிஸ்க்கைத் தொடவே இல்லை. அடி வாங்கியது கேமரா பதிவு ஒன்று. டேலி டேட்டா திறந்தது, 9-ஆம் தேதி காலை போட்ட என்ட்ரி உட்பட. 11 மாலை ஜிஎஸ்டிஆர்-1 போய்விட்டது.

ரெய்டு உடைந்த எச்சரிக்கை மெயில்கள்? வந்திருந்தன, சர்வருக்குள்ளேயே இருக்கும் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் அஞ்சல் பெட்டிக்கு. நான் அதைத் திறந்ததே இல்லை. இப்போது அவை என் போனுக்கு வருகின்றன. எஃப்எஸ்டேபில் இப்போது கழற்றி மாட்டினாலும் மாறாத அடையாள எண்ணான யுயுஐடி. ஆர்சிங்க்குக்கு முன்னால் மவுண்ட்பாயிண்ட் சோதனை ஒரு வரி. டிஸ்க் மவுண்ட் ஆகாவிட்டால் வேலையே ஓடாது, மெயில் வரும். முதலாளியிடம் கெஞ்சி யுபிஎஸ்ஸைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றினேன். ஏசி இன்னும் கிடைக்கவில்லை.

அக்கா தன் பங்குக்கு ஒன்று செய்கிறார். சனிக்கிழமை மதியம் வந்து ஏதாவது ஒரு பழைய பில்லைச் சொல்லி, பேக்கப்பிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்வார். போன வாரம் கேட்டது 2022 டிசம்பர் பில். நான்கு நிமிஷம் ஆனது. "ம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.