0.9 சதவீத ஹைட்ரஜன்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, ஆய்வகத்தில் என்ன பொருள் என்று கண்டுபிடிக்க எனக்கு வந்தது ஒரு பச்சைத் தூள். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: செம்பு 57.5, கார்பன் 5.4, ஹைட்ரஜன் 0.9 சதவீதம், மீதி ஆக்சிஜன்.

சீட்டை ஓரமாக வைத்துவிட்டுச் சோதனைகளில் இறங்கினேன். நீர்த்த அமிலம் விட்டதும் நுரைத்துப் பொங்கியது. வந்த வாயு சுண்ணாம்பு நீரைப் பால்போல ஆக்கியது. சரி, கார்பனேட். கரைசலில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் முதலில் வெளிர்நீல வீழ்படிவு. இன்னும் விட்டால் அது கரைந்து ஆழ்ந்த நீலம். செம்புதான், சந்தேகமே இல்லை. தூளைச் சூடாக்கினால் கறுத்தது. காப்பர் கார்பனேட் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆசிரியர் சீட்டிலிருந்த 57.5-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "இதுக்குக் கணக்குப் போட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

போட்டேன். காப்பர் கார்பனேட்டில் செம்பு 51.4 சதவீதம்தான். ஆறு சதவீத இடைவெளி. ஈரம் கலந்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஈரம் சேர்ந்தால் செம்பின் பங்கு குறையுமே தவிர, கூடாது. அங்கேதான் எனக்குப் பிடி கிடைத்தது. அந்த 0.9-ஐ நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு சதவீதத்தையும் அதனதன் அணு எடையால் வகுத்தேன். செம்பு 57.5-ஐ 63.5-ஆல் வகுக்க 0.905. கார்பன் 0.45. ஹைட்ரஜன் 0.9-ஐ 1.008-ஆல் வகுக்க 0.893! எடையில் ஒரு சதவீதம்கூடத் தேறாத ஹைட்ரஜன், எண்ணிக்கையில் செம்புக்குச் சமமாக நிற்கிறது. ஆக்சிஜன் 36.2, அது 2.26. எல்லாவற்றையும் 0.45-ஆல் வகுத்தால் இரண்டு செம்பு, ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், ஐந்து ஆக்சிஜன். கார்பனேட்டுக்கு மூன்று ஆக்சிஜன் போக மீதி இரண்டும், ஹைட்ரஜன் இரண்டோடு சேர்ந்து இரண்டு ஹைட்ராக்சைடு. காரக் காப்பர் கார்பனேட். மலகைட் என்ற பச்சைக் கல்லும் இதே பொருள்தான்.

செம்பு உப்புக் கரைசலில் சோடியம் கார்பனேட்டை ஊற்றினால் வீழ்வதும் இந்த வகைதான், சுத்தமான காப்பர் கார்பனேட் அல்ல. கார்பனேட் கரைசலே காரத்தன்மை உள்ளது. அதனால் ஹைட்ராக்சைடும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது. இது தெரிந்திருந்தால் நான் அவ்வளவு அவசரப்பட்டிருக்க மாட்டேன்.

ஆனாலும் கணக்கை மட்டும் நம்பி விட்டுவிட மனம் வரவில்லை. மறுநாள் 1.00 கிராம் தூளை எடுத்து, எடை மாறாமல் நிற்கும்வரை சூடாக்கினேன். வெறும் கார்பனேட்டாக இருந்தால் 0.64 கிராம் கறுப்பு ஆக்சைடு மிஞ்ச வேண்டும். காரக் கார்பனேட் என்றால் 0.72. தராசு 0.72 காட்டியது.

அப்புறம் கொஞ்சம் தூளைச் சோதனைக் குழாயில் போட்டு, வாயைச் சற்றுக் கீழே சாய்த்துச் சூடாக்கினேன். குழாயின் குளிர்ந்த பகுதியில் பனிபோல நீர்த்துளிகள் படிந்தன. நீரற்ற வெள்ளைக் காப்பர் சல்பேட்டைக் கொஞ்சம் அங்கே தூவியதும் நீலமானது. நீர்தான், ஹைட்ராக்சைடிலிருந்து வந்தது. முதல் நாளும் அதே துளிகள் படிந்திருந்தன. நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். "கறுத்தது" என்பதோடு வரி முடிந்திருந்தது. அதன் பக்கத்தில் "குழாயில் நீர்" என்று எழுதிச் சேர்த்தேன்.